உறைந்த நரம்பு, ஊன்றிய கால்

திருவாலங்காட்டில் காலுக்கு மரியாதை கொஞ்சம் அதிகம். காளியோடு ஆடிய போட்டியில், காதிலிருந்து விழுந்த குண்டலத்தைக் கால்விரலாலேயே எடுத்துக் காதில் மாட்டிக்கொண்ட ஊர்த்துவ தாண்டவர் குடியிருக்கும் ரத்தின சபை இது. சிவன் ஆடும் மண்ணைக் காலால் மிதிக்கலாகாது என்று காரைக்கால் அம்மையார் தலையால் நடந்தே இந்த ஊருக்கு வந்து சேர்ந்தார் என்கிறது பெரியபுராணம். அம்மையார் தலையால் நடந்த ஊரில் நான் காலை வைப்பதா என்று தயங்கிய ஞானசம்பந்தர், பக்கத்து ஊரிலேயே தங்கிவிட்டாராம். தூக்கிய திருவடிக்குப் பாட்டு நிறைய உண்டு. உடம்பு முழுவதையும் தாங்கிக்கொண்டு கீழே ஊன்றி நிற்கிறதே, அந்த இன்னொரு காலின் கணுக்கால் என்ன பாடுபட்டிருக்கும் என்று கேட்பது எலும்பு டாக்டர்களின் தொழில் புத்தி.

கேட்க வேண்டிய கேள்விதான். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள் வருகின்றன. உட்புறம் தடித்த டிபியா, வெளிப்புறம் ஒல்லியான ஃபிபுலா. இரண்டும் கீழ்முனையில் கவையாக விரிய, நடுவே டேலஸ் என்ற எலும்பு கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. நாம் சாதாரணமாக நடக்கும்போதே உடல் எடையைப்போல் ஏறத்தாழ 5 மடங்கு சுமை இந்த மூட்டில் இறங்குகிறது. 60 கிலோ ஆளென்றால் ஒவ்வொரு எட்டுக்கும் 300 கிலோ. அதைத் தாங்கும் நேரத்தில் மேலெலும்பும் கீழெலும்பும் ஒன்றையொன்று தொடும் பரப்பு சுமார் 350 சதுர மில்லிமீட்டர். அதாவது இப்போது புழக்கத்தில் உள்ள ஒரு ரூபாய் நாணயத்தின் அளவு. முழங்கால் மூட்டுக்கு இதைப்போல் மூன்று மடங்கு இடம் கிடைக்கிறது. எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு, நம் மக்கள் பொதுவாக ஜவ்வு என்று சொல்வது, கணுக்காலில் 1 முதல் 2 மில்லிமீட்டர் தடிமன்தான். முழங்காலில் சில இடங்களில் 6 மில்லிமீட்டர் வரை இருக்கும்.

இந்தக் கணக்கைப் பார்த்தால் ஐம்பது வயதுக்குள் எல்லோருக்கும் கணுக்கால் தேய்ந்திருக்க வேண்டும். ஆனால் தேய்வதில்லை. தெருவுக்கு நான்கு பேருக்கு முழங்கால் தேய்மானம் இருக்கிறது. கணுக்கால் தேய்மானமோ உலகப் பெரியவர்களில் சுமார் 1 சதவீதம் பேருக்குத்தான். கணுக்கால் குருத்தெலும்பு மெல்லியது என்றாலும் கெட்டியானது. மூட்டின் இரண்டு பக்கமும் ஒன்றுக்குள் ஒன்று பிசகில்லாமல் பொருந்துவதால் சுமை சீராகப் பரவுகிறது. வயது மட்டும் இதை லேசில் அசைப்பதில்லை. அடி அசைத்துவிடுகிறது. கணுக்கால் மூட்டுத் தேய்மானத்தோடு வருகிறவர்களில் பத்தில் ஏழு பேருக்குக் காரணம் என்றோ நடந்த ஒரு முறிவு அல்லது திரும்பத் திரும்ப வந்த சுளுக்கு. முறிவுக்கும் தேய்மானத்துக்கும் இடையே சராசரியாக 20 ஆண்டு ஓடிவிடுகிறது. அதனால்தான் பலருக்கு இரண்டையும் முடிச்சுப் போடத் தோன்றுவதில்லை.

திருவாலங்காட்டுப் பக்கம் அந்த முறிவுக்குப் பஞ்சமில்லை. இங்கே கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. அரவைக் காலத்தில் கரும்பு லோடின் மேலிருந்து குதிக்கிறவர்கள் உண்டு. வடகிழக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்போடும் உருக்கோடும் புழங்குகிற வேலை. ஷிப்ட் முடித்துத் தூக்கக் கலக்கத்தில் பைக் ஓட்டி விழுகிறவர்கள் தனிக்கணக்கு. ‘கால் பிசகிடுச்சு’ என்று சொல்லிப் பலர் முதலில் போவது திருத்தணி தாண்டி, ஆந்திர எல்லைக்குள் இருக்கும் புத்தூருக்கு. பச்சிலையும் மூங்கில் பட்டையும் வைத்துக் கட்டும் புத்தூர் கட்டுக்கு இந்த வட்டாரத்தில் மூன்று நான்கு தலைமுறை நம்பிக்கை. எலும்பு கூடிவிடும், அதில் பெரும்பாலும் சந்தேகமில்லை. கணுக்காலில் கேள்வி வேறு: கூடிய எலும்பு பழைய இடத்திலேயே கூடியதா?

1976-ல் ராம்சே, ஹாமில்டன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள், இறந்தவர்களிடமிருந்து எடுத்த 23 கணுக்கால் மூட்டுகளில் இதை அளந்து பார்த்தார்கள். டேலஸ் எலும்பை வெளிப்பக்கமாக வெறும் 1 மில்லிமீட்டர் நகர்த்தியதும், மேலும் கீழும் தொடும் பரப்பு சராசரியாக 42 சதவீதம் குறைந்துபோனது. ஒரு ரூபாய் நாணயத்தில் பாதியை நெருங்கி வெட்டி எறிந்தாற்போல. ஆனால் சுமை அதே 300 கிலோ. மூங்கில் கட்டோ, மாவுக்கட்டோ, பிளேட் வைத்த ஆபரேஷனோ, யார் சேர்த்தாலும் இந்த ஒரு மில்லிமீட்டர் யாரையும் மன்னிப்பதில்லை.

இருபத்தைந்து வயதில் கணுக்காலை முறித்துக்கொண்டவருக்கு இருபது வருஷம் கழித்து நாற்பத்தைந்து வயது. காலையில் படுக்கையை விட்டு எழுந்து வைக்கும் முதல் பத்து எட்டு நரகம். வலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும். மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில வாரம் ஓடும். கடைசியில், மூட்டையே அசையாமல் ஒட்டவைத்துவிடும் ஆபரேஷன் இருக்கிறது. அது நல்ல ஆபரேஷன், வலியைத் தீர்க்கும். ஆனால் குந்தி உட்கார்ந்தே பாதி வேலை செய்கிற நம் ஊர்க்காரருக்குக் கணுக்கால் மடங்காது என்பது சின்ன விலை இல்லை. அதோடு, ஒட்டிய மூட்டின் வேலையைப் பக்கத்து மூட்டுகள் வாங்கிக்கொண்டு, சில வருஷத்தில் அவையும் தேயத் தொடங்கும். செயற்கை மூட்டும் உண்டு. இளவயதில் உடலுழைப்பு செய்கிறவருக்கு அதைப் பொருத்த டாக்டர்கள் யோசிப்பார்கள்.

இங்கேதான் வேறொரு யோசனை நுழைகிறது. மூட்டைத் தொடாமல், அங்கிருந்து மூளைக்கு வலியைச் சுமந்து செல்லும் நரம்பை மட்டும் சில மாதம் வேலை செய்யவிடாமல் வைத்தால் என்ன? அதற்குக் கத்தி வேண்டாம், குளிர் போதும்.

குளிர் வலியை மறக்கடிக்கும் என்பது பழைய சேதி. 1807 பிப்ரவரியில் எய்லாவ் போர்க்களத்தில், உறைபனிக்கு நடுவே சிப்பாய்களின் கைகால்களை வெட்டியெடுத்த நெப்போலியனின் படை மருத்துவர் லாரே, அவர்கள் வழக்கம்போல் அலறாததைக் கவனித்தார். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஆர்நட் நொறுக்கிய ஐஸையும் உப்பையும் கலந்து உடம்பின் மேல் வைத்து வலியைத் தணித்தார். மேலே வைப்பது வேறு. உள்ளே இருக்கும் ஒரு நரம்பை மட்டும் குறிவைத்து உறைய வைப்பது வேறு. இரண்டாவது கைகூட, ஊசியளவு மெல்லிய ஒரு கருவி தேவைப்பட்டது. அது வந்த பிறகு, ராம்சேயும் ஹாமில்டனும் ஒரு மில்லிமீட்டரை அளந்துகொண்டிருந்த அதே 1976-ல், இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் லாய்டும் அவருடைய கூட்டாளிகளும் நரம்பை உறைய வைத்து வலி நீக்கும் முறையை லான்செட் இதழில் எழுதினார்கள்.

கருவியின் தந்திரம் எளிமையானது. ஊசிக்குள் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய்கள். உள்குழாய் வழியே அதிக அழுத்தத்தில் நைட்ரஸ் ஆக்சைடு வருகிறது; ஆபரேஷன் தியேட்டரில் மயக்கம் கொடுக்கப் பயன்படும், சிரிப்பூட்டும் வாயு என்று பெயரெடுத்த அதே வாயு. முனையருகே ஒரு பொடித் துளை வழியாக வெளியேறி, சட்டென்று விரிகிறது. விரியும் வாயு குளிரும் என்பது 1852-லேயே ஜூலும் தாம்சனும் கண்டது. முனை உறைநிலைக்கு மிகக் கீழே இறங்கிவிடும். வந்த வாயு வெளிக்குழாய் வழியே திரும்பி வெளியே போய்விடுகிறது, உடம்புக்குள் ஒரு குமிழிகூடப் புகுவதில்லை. முனையைச் சுற்றி ஒரு பனி உருண்டை வளரும். அல்ட்ராசவுண்ட் திரையில் பார்த்தால் ஓரம் பளீரென்றும் உள்ளே கறுப்பாகவும் அது பெருப்பது கண்ணுக்கே தெரியும். இரண்டு மூன்று நிமிடம் உறைய விடுவார்கள், உருக விடுவார்கள், இன்னொரு முறை உறைய விடுவார்கள். மரத்துப்போகும் ஊசி முதலிலேயே போட்டிருப்பதால் நோயாளி விழித்தபடியே படுத்திருப்பார்.

அந்த உருண்டைக்குள் சிக்கிய நரம்புக்கு என்ன ஆகிறது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. ஒரு நரம்பு என்பது ஆயிரக்கணக்கான இழைகளின் கற்றை. ஒவ்வோர் இழையும் தனக்கென ஒரு நுண்ணிய குழாய்க்குள் ஓடுகிறது. பனிப்படிகங்கள் இழையை அறுக்கின்றன. நரம்புக்கு ரத்தம் கொடுக்கும் பொடி நாளங்களும் அடைபடுகின்றன. உறைந்த இடத்துக்குக் கீழே உள்ள இழை முழுதும் சில நாளில் சிதைந்து அழிகிறது. இப்படி அழியும் என்பதை 1850-ல் தவளையின் நாக்கு நரம்பை வெட்டிப் பார்த்துச் சொன்னவர் அகஸ்டஸ் வாலர். ஆனால் உறைய வைக்கும்போது, வெட்டும்போது நடக்காத ஒன்று நடக்கிறது: இழை அழிந்தாலும் குழாய் அப்படியே நிற்கிறது. காலியான குழாய்க்குள் மேலிருந்து புது இழை முளைத்து, நாளொன்றுக்கு 1 முதல் 2 மில்லிமீட்டர் வீதம் பழைய வழியிலேயே இறங்கி வருகிறது. வழி தவறுவதற்கு இடமே இல்லை. கத்தியால் வெட்டிய நரம்பில் குழாயும் அறுந்துவிடுவதால், முளைக்கும் இழைகள் போகுமிடம் தெரியாமல் சுருண்டு முடிச்சாகும். அந்த முடிச்சின் வலி, பழைய வலியே தேவலை என்று சொல்ல வைக்கும்.

குழாய் பிழைக்க வேண்டுமானால் குளிருக்கு ஓர் எல்லை உண்டு. சுமார் -20 டிகிரிக்குக் கீழே போனால்தான் இழை சாகும். -140 டிகிரியைத் தாண்டினால் குழாயும் கெடத் தொடங்கும். நைட்ரஸ் ஆக்சைடின் கொதிநிலை -88 டிகிரி. முனை அதற்குக் கீழே இறங்காது. ஆபத்தான குளிரை எட்டவிடாத பூட்டு அந்த வாயுவின் குணத்திலேயே இருக்கிறது. -196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜனுக்கு இந்தச் சமர்த்து கிடையாது.

நாளைக்கு 1 மில்லிமீட்டர் என்றால் எளிய பெருக்கல்: மூட்டுக்கு 10 சென்டிமீட்டர் மேலே உறைய வைத்தால் புது இழை மூட்டை எட்ட நூறு நாள் ஆகும். முழங்காலில் இதைச் சரிபார்த்துவிட்டார்கள். 180 பேரை வைத்து, நிஜக் கருவியையும் உறைய வைக்காத போலிக் கருவியையும் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 2017-ல் வெளியானது. நரம்பு உறைந்தவர்களுக்கு 30, 60, 90 நாள்களில் வலி குறைந்திருந்தது. அதே ஆண்டு அந்நாட்டின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ., முழங்கால் தேய்மான வலிக்கு 90 நாள் வரை நிவாரணம் என்ற அளவில் இதை ஏற்றுக்கொண்டது. கணுக்காலுக்கு அத்தனை பெரிய சாட்சியம் இன்னும் சேரவில்லை. அங்கே அவசரப்படாமல் இருப்பதற்கு வேறு காரணமும் இருக்கிறது.

முழங்காலில் உறைய வைப்பது தோலுக்கு உணர்ச்சி தரும் ஒரு சின்னக் கிளை நரம்பை. அது போனால் முட்டிக்குக் கீழே உள்ளங்கையகலத் தோல் மரக்கும், அவ்வளவுதான். கணுக்கால் அப்படி இல்லை. மூட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பே அதை அசைக்கும் தசைக்கும், பக்கத்துத் தோலுக்கும் கிளை விடும் என்பது ஜான் ஹில்டன் என்ற லண்டன் அறுவை மருத்துவர் 1860-களில் சொன்ன விதி. உள்கணுக்கால் எலும்புக்குப் பின்னால் ஒரு குழி இருக்கிறது. ஆள்காட்டி விரலை அங்கே மெதுவாக அழுத்திப் பாருங்கள், நாடி துடிக்கும். அந்த நாளத்தை ஒட்டியே டிபியல் நரம்பு ஓடுகிறது. கணுக்கால் மூட்டின் வலியில் கணிசமான பங்கு அதன் வழியாகத்தான் மேலே போகிறது. உள்ளங்கால் முழுவதன் உணர்ச்சியும் அதே நரம்பில்தான்.

உள்ளங்கால் மரத்துப்போன மனிதருக்கு என்ன நேரும் என்று தெரிந்துகொள்ள நாம் அமெரிக்கா போக வேண்டியதில்லை. திருவாலங்காட்டில் ரயிலேறி அரக்கோணம் தாண்டிக் காட்பாடியில் இறங்கி வேலூர் போனால் போதும்.

1914-ல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்த பால் பிராண்ட், 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். அடுத்த ஆண்டு செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்தைப் பார்க்கப் போனவர், விரல் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கையைக் குலுக்க, அந்தக் கையின் பிடி இரும்பாக இருந்தது. நோயாளிக்குத் தான் எவ்வளவு இறுக்குகிறோம் என்றே தெரியவில்லை. சதை அழுகித்தான் விரல் விழுகிறது என்று ஊரும் உலகமும் நம்பிய காலம் அது. விரல்கள் அழுகவில்லை, வலி தெரியாததால் தேய்ந்தும் சுட்டும் வெட்டுப்பட்டும் போகின்றன என்று வேலூரிலும் பக்கத்துக் கரிகிரியிலும் ஆண்டுக்கணக்காகக் கவனித்து நிறுவினார் பிராண்ட். தூங்கும்போது எலி கடித்துத் தின்பதுகூடத் தெரியாமல் விரலிழந்தவர்கள் இருந்தார்கள். அதற்கு மருந்தாகப் பூனை கொடுத்தார்கள்!

தொழுநோய்க் கிருமிக்கும் நம் கதைக்கும் விசித்திரமான ஓர் ஒற்றுமை. அந்தக் கிருமி உடம்பின் குளிர்ந்த பகுதிகளை விரும்பும். தோலுக்கு அருகே, சற்றே குளிர்ந்து கிடக்கும் இடங்களில்தான் அது நரம்பைப் பிடிக்கிறது. அவற்றில் ஒன்று, நீங்கள் விரல் வைத்துப் பார்த்த அதே உள்கணுக்கால் குழி. வலிக்கு வைத்தியம் செய்ய டாக்டர் குறிவைக்கும் நரம்பும், கிருமி மரக்கடிக்கும் நரம்பும் ஒன்றுதான். உள்ளங்காலில் உணர்ச்சி இழந்தவர்களுக்குக் குழிப்புண் வரும், பாத எலும்புகள் நொறுங்கும். நொறுங்கிய காலிலேயே அவர்கள் நடந்து வருவார்கள். எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று அரசு மருத்துவமனைகளில் கொடுக்கிறார்களே, உள்ளே மெத்தென்ற ரப்பர் வைத்தது, அது புழக்கத்துக்கு வந்தது இப்படிப்பட்ட கால்களுக்காகத்தான்.

பிராண்டுக்கே ஒரு ராத்திரி இந்தப் பயம் வந்தது. 1950-களின் தொடக்கத்தில், நெடுந்தூரப் பயணம் முடித்து லண்டன் வந்து சேர்ந்து, காலுறையைக் கழற்றுகிறார். குதிகாலில் உணர்ச்சி இல்லை. குண்டூசியை எடுத்துக் கணுக்காலுக்குக் கீழே குத்துகிறார். வலிக்கவில்லை. இன்னும் ஆழமாகக் குத்துகிறார். ரத்தம் வருகிறது, வலி வரவில்லை. இத்தனை ஆண்டு தொழுநோயாளிகளோடு பழகியவர் என்ன நினைத்திருப்பார்! இரவெல்லாம் தூங்கவில்லை. விடிந்ததும் மறுபடி ஊசியை எடுத்துக் குத்தினார். சுரீரென்று வலித்தது, மகிழ்ச்சியில் கத்திவிட்டார். ரயிலில் ஒரே நிலையில் உட்கார்ந்து வந்ததில் நரம்பு அழுந்தி மரத்திருந்தது, அவ்வளவுதான். நரம்புக் காயங்களில் இது முதல் படி: இழைக்குச் சேதமில்லை, செய்தி மட்டும் தடைபட்டது. உறைய வைப்பது அதற்கு அடுத்த படி.

எனவே கணுக்கால் வலிக்கு நரம்பை உறைய வைக்கும் டாக்டர் முதலில் செய்யும் வேலை, எந்த நரம்பை விட்டுவைப்பது என்று முடிவு செய்வதுதான். சர்க்கரை நோயால் ஏற்கெனவே பாதம் பாதி மரத்தவருக்கு எந்த நரம்பையும் தொடாமல் விடுவதே நல்லது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை என்னும்போது இது ஓரத்தில் சொல்லிவிட்டுப் போகும் எச்சரிக்கை அல்ல. நைலான் இழை ஒன்றை உள்ளங்காலில் அழுத்தி, தெரிகிறதா என்று கேட்கும் சோதனைக்கு ஒரு நிமிடம்தான் ஆகும். குளிர் பட்டால் விரல் நீலம் பாரிப்பவர்களுக்கும், தடிப்புத் தடிப்பாக எழும்புகிறவர்களுக்கும் இது வேண்டாம்.

மற்றவர்களுக்குப் பாதத்தின் முன்பக்கம் இறங்கும் ஆழ்ந்த பெரோனியல் நரம்பு தோதானது. அதையும் கணுக்காலுக்குச் சற்று மேலே, தாழ்வான இடத்தில்தான் பிடிக்க வேண்டும். முழங்கால் பக்கம் போனால் பாதத்தைத் தூக்கும் தசையும் படுத்துவிடும். நடக்கையில் கால் தரையில் இழுபடும். தாழ்வாகப் பிடித்தால் மரப்பது பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே ஒரு சின்ன முக்கோணத் தோல். கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் அது ரப்பர் செருப்பின் வார் நுழையும் இடம். வார் அறுத்துப் புண்ணானாலும் தெரியாது. அதனால் சில மாதத்துக்குப் பட்டை வைத்த செருப்பு, ராத்திரி படுக்குமுன் விரலிடுக்கைப் பிரித்து ஒரு பார்வை. ஊசி முனை தோலுக்கு மிக அருகே உறைந்துவிட்டால் அங்கே வெள்ளைத் திட்டு விழலாம். தோலுக்கு நிறம் தரும் செல்கள் லேசான உறைவிலேயே இறந்துவிடும், கறுத்த தோலில் அது எடுப்பாகத் தெரியும்.

உறைய வைக்கும் நாளுக்கு முன்பே ஓர் ஒத்திகை உண்டு. அதே நரம்பைச் சுற்றிக் லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்தைக் கொஞ்சம் போட்டு, நோயாளியை வராந்தாவில் நடக்கச் சொல்வார்கள். வழக்கமாக வலிக்கும் படிக்கட்டில் ஏறி இறங்கச் சொல்வார்கள். மருந்து வேலை செய்யும் இரண்டொரு மணி நேரத்தில் வலி நன்றாகக் குறைந்தால் அந்த நரம்புதான் ஆள். குறையாவிட்டால் உறைய வைத்துப் பயனில்லை.

வலி போனாலும் மூட்டு அதே மூட்டுதான். டேலஸ் நகர்ந்த அந்த ஒரு மில்லிமீட்டர் அப்படியே இருக்கிறது. கிடைத்த சில மாதத்தில் கெண்டைக்கால் தசையை வலுவாக்கலாம், எடையைக் குறைக்கலாம், மாத்திரையை நிறுத்திச் சிறுநீரகத்துக்கு ஓய்வு தரலாம், ஆபரேஷனுக்குப் பணமும் விடுப்பும் சேர்க்கலாம். மறுபடி கரும்பு லோடின் மேலிருந்து குதிக்கவும் செய்யலாம். அப்படிச் செய்கிறவர்களும் இருக்கத்தான் செய்வார்கள்.

நரம்பு திரும்பி வருவதை விரலால் தட்டியே பின்தொடரலாம். தோலுக்கு அருகே ஓடும் நரம்பென்றால், அதன் பாதையில் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே வரும்போது ஓரிடத்தில் ஷாக் அடித்தாற்போல் சுரீரென்று இழுக்கும். வளரும் இழையின் நுனி அங்கே இருக்கிறது என்று பொருள். முதல் உலகப் போரில் காயம்பட்ட சிப்பாய்களிடம் இதைக் கவனித்து 1915-ல் எழுதியவர் பிரெஞ்சு மருத்துவர் ஜூல் டினெல். மாதத்துக்கு 3 சென்டிமீட்டர் வீதம் அந்தச் சுரீர் பாதத்தை நோக்கி இறங்கிக்கொண்டே போகும். மூட்டை அது எட்டும் வாரத்தில் பழைய வலியும் எட்டிப் பார்க்கும். வேண்டுமானால் மறுபடி உறைய வைத்துக்கொள்ளலாம். மருத்துவக் கணக்கில் நரம்பு முறையாக முளைத்துவிட்டது என்பதற்கு அந்த வலி திரும்புவதைவிட நல்ல அத்தாட்சி கிடையாது. முகத்தைச் சுளித்துக்கொண்டு நொண்டியபடி உள்ளே வருகிறவரிடம் அதை நல்ல செய்தியாகச் சொல்வதுதான் டாக்டருக்குக் கொஞ்சம் சங்கடம்.